வெள்ளைத் தொப்பியும் எண்ணெய்த் தலையும்

போன வாரம் ஜொகூர் பாருவில் ஒரு பெரிய கடைக்கு ஷாம்பு வாங்கப் போயிருந்தேன். கடைப்பெண் சிரித்த முகத்தோடு வந்து, "ஆன்டி, உங்களுக்கு ஆய்லி ஹேரா, டிரை ஹேரா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாவம், தன் தமிழில்தான் ஏதோ பிழை என்று நினைத்து அதையே மலாயில் கேட்டாள். கேள்வியில் பிழை இல்லை. அதற்கு விடை தெரியாமல் பத்தொன்பது வயதில் வேலையையே பறிகொடுக்கப் பார்த்தவள் நான். கடையில் நின்றுகொண்டு அதையெல்லாம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் தலை என்றால் எண்ணெய் வைத்த தலைதான். ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவள் நான். அம்மா பால் மரம் வெட்டுகிறவள், பட்டையைக் கீறிப் பால் இறக்குகிற வேலை. விடியுமுன் தன் தலையில் ஒரு கை தேங்காயெண்ணெய், என் தலையில் ஒரு கை. எனக்கோ இயற்கையிலேயே எண்ணெய் வடிகிற தலை. அதன்மேல் அம்மாவின் கையும் சேர்ந்தால் எப்படி இருக்கும்? நான் சாய்ந்த சுவரிலெல்லாம் வட்டம் வட்டமாகக் கறை. பள்ளிக்கூடத்தில் என் பின்பெஞ்சுப் பெண்கள் என் பின்னலில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்வதாகக் கேலி செய்வார்கள். அந்தப் படிப்பை வைத்துத்தான் ஜொகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சித் தாதியாகச் சேர்ந்தேன். எங்கள் லயத்திலிருந்து அப்படிப் போனது நான்தான் முதல். ரயிலேற்ற வந்தவர்கள் ஒரு கல்யாணக் கூட்டம் இருக்கும்.

கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைத் தொப்பி ஒன்று கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நான் நின்ற நேரத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மூன்றாம் நாள் தொப்பியின் விளிம்பில் மஞ்சள் வளையம். வெள்ளைக்கார மேட்ரன் இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பார்த்தார். இந்த மாதம் முடிவதற்குள் தொப்பி சுத்தமாக இல்லையென்றால் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று, கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தாலாவது அழுதிருப்பேன்.

எண்ணெயை அன்றே நிறுத்தினேன். துணி துவைக்கும் சவர்க்காரத்தால் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை தலையைத் தேய்த்தேன். நுனியெல்லாம் தேங்காய் நாராகிவிட்டது. அடியிலோ விடிந்தால் பழையபடி பிசுபிசுப்பு. தேய்க்கத் தேய்க்கக் கூடியதே தவிரக் குறையவில்லை. என் அறைத்தோழி தங்கம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, அப்பா அரசாங்க உத்தியோகம், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஐந்தாம் நாள் சவர்க்காரத்தைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள்.

"உது சட்டைக்குப் போடுற சவுக்காரம். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூருக்குப் போவம், வாரும்."

சிங்கப்பூர்! கடலின்மேல் போட்ட பாலத்தில் பஸ் ஓடுகிறது, இரண்டு பக்கமும் தண்ணீர், காற்று என் பிசுபிசுத்த தலையை அசைக்கக்கூட முடியாமல் தோற்றுப்போகிறது. மருந்துக்கடையில் தங்கம் ஆங்கிலத்தில் கேட்க, கடைக்காரர் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களை எடுத்து வைத்தார். ஷாம்பு பவுடர். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் முந்தானையில் முடிந்து கையால் பொத்திக்கொண்டே வந்தேன். தாலிக்குக்கூடப் பிற்பாடு அவ்வளவு காவல் இருந்ததில்லை.

குளியலறையில் துத்தநாக வாளியில் வெந்நீர் வைத்து, பொட்டலத்தில் அச்சிட்டிருந்ததைத் தங்கம் வாசிக்க வாசிக்க நான் செய்தேன். வெந்நீரில் பவுடரைக் கரைத்து, மயிரின் அடியில் மட்டும் விரல் நுனியால் தேய்க்க வேண்டும். அலசிவிட்டு இன்னொரு முறை. பிறகு தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். முடிவில் எலுமிச்சை பிழிந்த தண்ணீர் ஒரு செம்பு. அது மட்டும் தங்கத்தின் சொந்தச் சேர்க்கை. பால் பொங்குவதுபோல நுரை பொங்கி நெற்றியில் வழிந்தது. என் தலையில் நுரையைக் கண்டது அதுதான் முதல் தடவை. அலசி முடித்து ஒரு கற்றையை இழுத்தால் கீச்சென்று சத்தம் போட்டது. இருவரும் மாறி மாறி இழுத்து, பக்கத்து அறைக்காரிகள் கதவைத் தட்டும்வரை சிரித்தோம்.

அதிலிருந்து புதனும் சனியும் தலைக்குக் குளியல். இடையில் தண்ணீர்கூடத் தலையில் படாது. மாதக் கடைசியில் மேட்ரன் என் தொப்பியை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, தம் கையாலேயே என் தலையில் வைத்துவிட்டுப் போனார். அவரிடம் அதுவே பெரிய பாராட்டு.

விடுப்பில் ஊருக்குப் போனேன். ரயில் ஜன்னல் காற்றில் பின்னல் கலைந்து முடி பறக்க, மகாராணியைப் போல லயத்துக்குள் நுழைந்தேன். அம்மா வாசலுக்கு வந்தாள், பார்த்தாள், மார்பில் அடித்துக்கொண்டாள்.

"யாருடி செத்தா?"

எண்ணெய் காணாமல் பறக்கிற தலை எழவு வீட்டுத் தலை. எனக்குத்தான் மறந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். யாரும் சாகவில்லை என்று புரிய வைப்பதற்குள் பாதி லயம் கூடிவிட்டது. அம்மா உள்ளே போய் எண்ணெய்ப் போத்தலோடு வந்து, உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. அம்மா சொல்லி நான் மறுத்தது அதுதான் முதல் தடவை.

"வெச்சா வேல போயிரும்மா."

அம்மா போத்தலைக் கீழே வைத்தாள். பிறகு கிட்டே வந்து முடியைத் தொட்டாள், முகர்ந்தாள். தனக்கும் அதைப் போட்டுவிட முடியுமா என்று, கூட்டத்துக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

குழாயடியில் அம்மாவை உட்கார வைத்துத் தேய்த்தேன். ரப்பர் பாலும் எண்ணெயும் சேர்ந்து திரண்டு ஒட்டியிருந்த சின்னச் சின்ன உருண்டைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தேன். நுரையைக் கண்டதும் பெண்கள் வரிசை கட்டிவிட்டார்கள். கையிலிருந்த நாலு பொட்டலமும் தீர்ந்துபோயின. மாலை வெயிலில் ஏழெட்டுப் பெண்கள் தலையை விரித்துக்கொண்டு, ஒருத்தி முடியை ஒருத்தி இழுத்துப் பார்த்துச் சிரித்த சிரிப்பைக் கேட்டு, வேலை வாங்கும் கங்காணியே என்னவோ ஏதோ என்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடியலில், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் புறப்படுமுன் அம்மா வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எண்ணெயைத் தலையில் அப்பிக்கொண்டிருந்தாள். எனக்கு முகம் விழுந்துவிட்டது. அம்மா பார்த்துவிட்டாள்.

"காஞ்ச முடியில பாலு ஒட்டுனா வெட்டித்தான் எடுக்கணும். ஒன் வேலைக்கு அந்தத் தல, என் வேலைக்கு இந்தத் தல."

போத்தலை மூடி மாடத்தில் வைத்தாள். என் தலைப் பக்கம் அவள் கை வரவே இல்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் வரவில்லை. வேலை நிலைத்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்தான். இருந்தாலும் அன்று திரும்பிப் போகிற ரயிலில் கொஞ்சம் அழுதேன்.

தங்கம் கல்யாணமாகி மலாக்காவுக்குப் போனாள், பிறகு கடிதம் நின்றுவிட்டது. அந்தப் பொட்டலங்களை இப்போது எந்தக் கடையிலும் காணோம். தோட்டத்தில் ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுவிட்டார்கள். லயம் இருந்த வரிசைகூடத் தெரியவில்லை. அம்மா இரண்டு மடங்கு எண்ணெயோடு போன அந்த விடியலில் நான் லயத்து வாசலில் நின்று பார்த்தேன். பெரட்டு விளக்கின் கீழே பெண்கள் பெயர் கொடுக்க நின்றபோது, எண்ணெய்த் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மினுங்கின. அத்தனை தலைகளிலும் அம்மாவுடையது எது என்று தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.