பாதிக் கட்டங்கள்

எங்கள் மாடியில் குடியிருந்த தையற்காரம்மா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டிருப்பாரே தவிர, அதை எடுத்து அளந்து நான் அதிகம் பார்த்ததில்லை. கழுத்து வளைவுக்குச் சாப்பாட்டுத் தட்டு, கை வளைவுக்கு டம்ளர். குடைப் பாவாடைக்குப் பெரிய வட்டம் வேண்டுமென்றால் துணியில் ஊசியைக் குத்தி, நூல் கட்டி, மறுமுனையில் சாக்குக்கட்டியைப் பிடித்து ஒரே சுற்று. கோடு பிசகாது.

அவருடைய கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகா கறார்ப் பேர்வழி. அரை டிக்கெட் கேட்கும் தாய்மாரிடம், "பிள்ளைய இறக்கி நிக்க வையுங்க, பார்ப்போம்" என்பாராம். ஓடுகிற பஸ்ஸில் உயரம் அளந்த மனிதர், தன் செருப்புக்குள் கிடந்த ஆணியைக் கவனிக்கவில்லை. சர்க்கரை நோயில் பாதம் மரத்துப் போயிருந்தது. ராத்திரி காலைக் கழுவும்போதுதான் ரத்தத்தைப் பார்த்திருக்கிறார்.

புண் ஆறுவதாகக் காணோம். ஆஸ்பத்திரி தூரம் என்பதால் நர்ஸ் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். சுத்தமான பிளாஸ்டிக் தாளைப் புண்மேல் வைத்து, ஓரத்தைப் பேனாவால் வரைந்துகொள்ள வேண்டும். அந்தத் தாளைக் கட்டம் போட்ட அட்டைமேல் வைத்து எண்ண வேண்டும்.

"முழுக் கட்டம் எல்லாம் ஒண்ணும்மா. கோடு குறுக்க போற கட்டத்துல, பாதிக்கு மேல புண்ணு இருந்தா ஒண்ணுன்னு எண்ணுங்க. பாதிக்குக் கீழன்னா விட்டுடுங்க. எண்ணிக்கை ஏறுச்சுன்னா அன்னிக்கே கூட்டிட்டு வந்துடணும். இல்லன்னா காலுக்கே ஆபத்து."

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? தையற்காரம்மா ஸ்கேலை வைத்து அட்டையில் சின்னச் சின்னதாகக் கட்டம் போட்டார். முதல் தடவை இருபத்து நான்கு வந்தது. அடுத்த வாரம் இருபத்தேழு.

"எங்க, காட்டு" என்று கண்டக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இது பாதிக்கு மேலயா? நல்லாப் பாரு. கீழதான் இருக்கு."

"மேல இருக்குங்க."

"ஒரு மயிரிழை இருக்குமா? அதைப் போய் எண்ணுவாங்களா? இதையும் விடு. அந்த மூலையில இருக்கே, அதையும் விடு."

பேரம் படிந்தது. மறுபடி இருபத்து நான்கு. அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். தன் பஸ்ஸை ஓட்டிய நண்பருக்கு இதே நோயில் முதலில் கால்விரல், பிறகு பாதம் என்று போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். ஆஸ்பத்திரி என்றாலே அவருக்கு ரம்பச் சத்தம்தான் கேட்டது. அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. நாலு வயதுப் பிள்ளைக்கு இரக்கப்படாத மனிதர், தன் புண்ணுக்கு வாராவாரம் அரை டிக்கெட் கேட்டார். அந்த அம்மாவும் கொடுத்தார். போனில் நர்ஸ் கேட்கும்போது, "அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, மெஷினில் உட்கார்ந்து மடமடவென்று மிதிப்பார். வரைவதில் மட்டும் அவருக்குப் பொய் வரவில்லை. எண்ணுவதில்தான் இருவரும் கூட்டு.

ஒரு மத்தியானம் கண்டக்டருக்குக் காய்ச்சல் தூக்கிப் போட்டது. கட்டை அவிழ்த்தபோது வந்த வாடை மாடிப்படி வரை வீசியது. நானும்தான் பிடித்து இறக்கினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தத் தாள்களையெல்லாம் வாங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொரு கோடும் முந்தினதைவிட வெளியே தள்ளி, விரிந்துகொண்டே போயிருந்தது. எல்லாத் தாளின் மூலையிலும் இருபத்து நான்கு என்று எழுதியிருந்தது.

"வரைஞ்சது யாரு?"

"நான்தாங்க."

"கோடெல்லாம் சரியா இருக்கு. எண்ணினது யாரு?"

அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து பதில் வந்தது. "நான்தான் டாக்டர்." கண்டக்டர் கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் வந்து, காலைச் சுற்றி நீலப் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போனார். முன்னால் ஒரு வளைவு, பின்னால் ஒரு வளைவு. மடித்துத் தைப்பதற்குத் தோல் விட்டு வரைந்திருப்பது தையற்காரம்மாவுக்குப் பார்த்த உடனே விளங்கிவிட்டது.

கண்டக்டரால் தலையைத் தூக்க முடியவில்லை. "எங்க போட்டிருக்காரு?" என்றார்.

"முட்டிப் பக்கத்துலங்க."

"முட்டிக்குக் கீழதானே?"

"மேலங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லு. கீழயா இருக்கும்."

அந்த அம்மா முட்டியை ஒட்டி மேலே வலது கையின் நான்கு விரல்களையும் சேர்த்துக் கிடையாக வைத்து அழுத்தினார். சுண்டுவிரல் முட்டியைத் தொட்டது, ஆள்காட்டி விரல் கோட்டைத் தொட்டது. தொடையில் கண்டக்டருக்கு உணர்ச்சி நன்றாகவே இருந்தது. நான்கு விரலையும் உணர்ந்தார். அதற்குப் பிறகு அவர் பேரம் பேசவில்லை.