கோவிந்தண்ணன் மாட்டிய சிவப்பு விளக்கு

அத்திப்பள்ளி சோதனைச் சாவடி வரிசையில் லாரியை நிறுத்திவிட்டு டீக்குக் கை நீட்டிய நேரத்தில் கைப்பேசி அடித்தது. செல்வி அண்ணி. "தம்பி, உங்க அண்ணன் போயிட்டாரு" என்றார். ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், அப்புறம் எழவில்லை. எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. அவர் எனக்காக ஒருவரிடம் ஒரு வார்த்தை சொல்வதாக இருந்தது. இனி சொல்ல மாட்டார்.

இரங்கல் கூட்டத்தில் வாசிக்க என்னைத்தான் எழுதச் சொன்னார்கள் நம் ஓட்டுநர் சங்கத்தில். அவரோடு நெருங்கிப் பழகியவன் நான் என்பது ஊருக்கே தெரியும். நல்லதை மட்டும் எழுத வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்திருக்கலாம்.

கோவிந்தராஜ் அண்ணன் முசிறிப் பக்கத்துக்காரர். தொழிற்சாலை வேலைக்கென்று ஓசூர் வந்தார். வேலை நிரந்தரமாகவில்லை என்றதும் மத்திகிரி சாலையில் லாரி ஒர்க்‌ஷாப் போட்டார். நான் சாமல்பட்டிக்காரன், கிரானைட் கல் ஏற்றும் லாரிக்கு ஓட்டுநர். மத்திகிரியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வாடகை வீடு. நான் லோடு போயிருந்த சமயம் என் மனைவிக்குப் பிரசவ வலி கண்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, நான் வந்து சேரும்வரை வாசலிலேயே நின்றவர் அவர். என் மகளின் முகத்தை எனக்கு முன்னால் பார்த்தவரும் அவர்தான். இதை மறந்துவிட்டு நான் எழுதவில்லை.

எங்கள் முதலாளியின் குவாரி பேரிகைக்கு அப்பால் இருந்தது. மேலே ஏறிவரும் பாதை கல்லும் களிமண்ணும். பின்சக்கரம் ஒன்று பிடி விட்டுவிட்டால் எஞ்சினின் இழுப்பெல்லாம் வீணாகி அது சும்மா சுற்றும். தரையில் ஊன்றிய மற்றது அசையாது. எஞ்சினின் இழுப்பை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியலின் சுபாவம் அது. வழுக்கலைத் தானாகவே ஓரளவு அடக்கும் வகை ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் ஓட்டுநர் கையில் ஒன்றும் விடவேண்டியதில்லை என்றார் முதலாளி. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"அது சேத்து ரோட்டுக்குச் சரிங்க. இங்க ஒரு சக்கரம் அந்தரத்துல நிக்குது. அப்ப அது கை குடுக்காது. ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணாக் கட்டுற பூட்டுதான் வேணும்."

அவர் சொன்னது சரி. இன்றைக்கும் அதையே சொல்வேன்.

பெங்களூரில் பழைய சாமான் விற்கும் இடங்களில் அலைந்து, பூட்டு உள்ள டிஃப்ரன்ஷியல் ஒன்றைக் கொண்டுவந்தார். சக்கரங்களைச் சுற்றும் ஆக்சில் தண்டுகளை உருவி, பழையதை இறக்கி, பல்லோடு பல் சேரும் இடைவெளியைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் புதியதைப் பொருத்தினார். கேபினில் சுவிட்சைப் போட்டால் குழாய் வழியாகக் காற்று போய்ப் பூட்டைத் தள்ளும். சுவிட்சுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. "லைட்டு எரிஞ்சா பூட்டு விழுந்துருச்சுன்னு அர்த்தம். கண்ண மூடிக்கிட்டு ஏறு" என்றார். நானும் ஏறினேன், மாதக்கணக்கில்.

அந்த ஐப்பசி மழையில் ஒரு மதியம். கல்லை ஏற்றிக்கொண்டு சரிவின் அடியில் நின்று சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. பாதி தூரத்தில் இடது சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. வண்டி பின்னால் சறுக்கிப் பள்ளத்தில் போய் விழுந்தது. கல் இரண்டாகப் பிளந்தது. நான் பிழைத்தது சாமி புண்ணியம்.

"ஏன்பா மாதேசு, பூட்டுப் போடலியா?" என்றார் முதலாளி.

"போட்டேனுங்க. லைட்டு எரிஞ்சுதுங்க."

அண்ணனை வரவழைத்தார்கள். வண்டிக்கு அடியில் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபின் என் முகத்தைப் பார்க்காமல் கேபினில் ஏறிச் சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது.

"பாருங்க, எரியுது. பூட்டு நல்லாத்தான் இருக்கு. தம்பி அவசரத்துல மறந்திருப்பான்."

முதலாளி வண்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பேரிகை டீக்கடைகளில் என் பேர் 'பூட்டுப் போடாத மாதேசு'. போட்டேனா, போட்டதாக நினைத்தேனா என்று நானே என் விரலைச் சந்தேகப்பட்டேன். அண்ணன் எப்போதும்போல வீட்டுக்கு வந்தார், மகளைத் தூக்கிக் கொஞ்சினார்.

பிறகு வேறொருவரிடம் சேர்ந்தேன். கம்பெனியிலேயே பூட்டு வைத்து வந்த புது வண்டி. சுவிட்சைப் போட்டேன், விளக்கு எரியவில்லை. கெட்டுவிட்டதென்று அங்கிருந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் சிரித்தார். "கொஞ்சம் உருட்டுங்கண்ணா. உள்ள பல்லு சேர்ந்தாத்தான் எரியும். லைட்டுக்கு ஒயரு ஆக்சில்ல இருந்து வருது."

உருட்டினேன். எரிந்தது. பழைய வண்டியில் விரல் பட்ட நொடியிலேயே எரியுமே! அண்ணன் விளக்கின் ஒயரைச் சுவிட்சிலேயே கொடுத்திருக்கிறார். பூட்டு விழுந்ததா இல்லையா என்பது அந்த விளக்குக்குத் தெரியவே தெரியாது.

நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவர் மறுக்கவில்லை.

"பழைய சாமான்ல, பல்லு சேர்ந்ததக் காட்டுற அந்த சென்சார் வரல. முதலாளி அவசரப்படுத்துனாரு, நேரா குடுத்துட்டேன். அன்னைக்குக் காத்துக் குழா உரசிக் கிழிஞ்சிருந்துச்சு, பூட்டு விழல."

"தெரிஞ்சும் ஏண்ணா அப்படிச் சொன்னீங்க?"

"உனக்கு வேற வண்டி கெடைக்கும்டா. அவரு வேலைய நிறுத்திட்டா எனக்கு ஒர்க்‌ஷாப்பே இல்ல."

டீ வந்தது. நான் தொடவில்லை. "ஒருநா அவருகிட்டச் சொல்லிடறேன் மாதேசு" என்றார். அதன்பின் எங்கே பார்த்தாலும் அதுதான்: "சொல்லிடறேன்டா." வேறு யாராவது செய்திருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். கூடப் பிறந்தவராக நினைத்தவர் செய்தது ஆறவே இல்லை.

சாவு வீட்டுக்கு முதலாளி மாலையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் கை வைத்தார். "உன்னைப் பத்தி நல்லதாத்தான் சொல்லுவாருப்பா. 'நல்ல டிரைவருங்க, அன்னைக்கு ஒருநா மறந்துட்டான், மனசுல வெக்காதீங்க'ன்னு போன மாசம்கூடச் சொன்னாரு."

அவர் சொல்வதாக இருந்த வார்த்தை அதுதான்! அண்ணி அழுதுகொண்டிருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. பாடையைத் தூக்கியபோது முன்பக்கம் நான் தோள் கொடுத்தேன். கனத்தது.

அண்ணா, ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் நின்றதற்கு அந்தத் தோள். போய் வாருங்கள். இந்தக் கூட்டத்துக்கு முதலாளியும் வந்திருக்கிறார். நீங்கள் சொல்லாமல் போனதை நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஐயா, அன்றைக்கு நான் சுவிட்சைப் போட்டேன்.