ஹாரனுக்குப் பட்டா

என் அப்பாவின் லாரி ஹாரன் அப்பாவுடையது இல்லை என்பது எனக்கு ஒரு மின்னஞ்சலில்தான் தெரிய வந்தது.

சங்ககிரியில் லாரிக்காரர் வீட்டில் பிறந்து ராப் பாடுகிறவன் நான். மாடி அறையில் மெத்தையைச் சுவரோரம் சாய்த்து வைத்துக்கொண்டு நானே எழுதி, நானே பாடி, நானே இணையத்தில் ஏற்றுவேன். அப்பாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதினேன். மெட்டோடு அடிக்கும் அவர் வண்டியின் ஏர் ஹாரனைப் போனில் பதிந்து, ஒரு துண்டு வெட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு பீட் அமைத்தேன். ஹாரனில் ஒரு குழாய் எங்கோ இடித்து நசுங்கியிருந்ததால் மெட்டு கொஞ்சம் கோணலாக வரும். அது சினிமாப் பாட்டு என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. பாட்டை ஏற்றிய தளத்தின் கணினிக்குத் தோன்றிவிட்டது. ஏற்றிய அன்றே பாட்டை முடக்கி, மெட்டின் உரிமை வேறொருவருடையது என்று எழுதியிருந்தார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் என் கணக்கையே மூடிவிடுவார்களாம். அதுவரை நான் போட்ட பாட்டெல்லாம் அதோடு போய்விடும்.

சரி, முறைப்படி அனுமதி வாங்கிவிடுவோம் என்று இறங்கினேன். அந்தப் பழைய படத்தின் பாடல்களை வெளியிட்ட நிறுவனத்துக்கு எழுதினால், விற்றுவிட்டோம், வாங்கியவரைக் கேளுங்கள் என்றார்கள். வாங்கியவரோ, ஒலிப்பதிவு மட்டும்தான் எங்களுடையது, மெட்டு அவர்களிடமே இருக்கிறது என்றார். மறுபடி முதல் இடம். அங்கே போனை எடுத்த பெண், "ஹாரனா சார்?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அனுமதி கொடுக்க ஆளில்லை, தடுக்க மட்டும் ஆளிருக்கிறது. எரிச்சலில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அஸ்தம்பட்டியில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். நில வழக்கு பார்க்கிறவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாட்டுக்குப் பட்டா யாரு பேர்ல இருக்குது தம்பி?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். "அப்ப வில்லங்கம்தான். சொந்தமா ஒரு மெட்டு போட்டுக்கங்க, எவனும் கேக்க முடியாது."

ஹாரனை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் அப்பாவே இல்லை. வைத்திருந்தால் கணக்கு போகும். வேறு பாட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தாலும் காதுக்குள் ஹாரன்தான் அடித்தது. இந்த லட்சணத்தில் அப்பா வேறு லாரி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். "ஏஞ்சாமி, பாட்டு எப்ப வருது? எல்லாரும் கேக்கறாங்க" என்பார். "வந்துருங்கப்பா" என்பேன். அவர் வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டாலே மாடிக்கு ஓடி ஒளிய ஆரம்பித்தேன். கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் பிடித்துக்கொண்டார். சொல்லிவிட்டேன், வக்கீல் சொன்னது உட்பட.

"என்ற வண்டி ஆரன் அடிக்க நான் ஆரைக் கேக்கோணும்?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். மறுநாள் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பியவர் போனில்கூட என்னிடம் பேசவில்லை.

திரும்பி வந்தது ஒரு மத்தியானம். வண்டியை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு, "சாமி, போனெடுத்துட்டு வா" என்று கத்தினார். கேபினுக்கு மேல் புதுக் குழாய்கள் பளபளவென்று இருந்தன.

"பழசக் கழட்டிப் போட்டுட்டேன். சினிமாப் பாட்டே ஆகாது, சொந்தமா ஒண்ணு போடுன்னு ஆரன் மெக்கானிக்குகிட்ட ஒக்காந்துட்டேன். தட்டித் தட்டி அவனே மண்டைல இருந்து போட்டது. இது நம்மளுது. இன்னிக்கே ஏத்திரு."

என் பாட்டுக்காக அந்த மனிதர் தன் ஹாரனையே கழற்றியிருக்கிறார். பதிவை ஓடவிட்டுப் போனை நீட்டினேன். அப்பா ஹாரனை அழுத்தினார். கோணல் இல்லாத, இனிமையான மெட்டு. அது முடிந்ததும் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா, தன்னை அறியாமல் அடுத்த வரியைப் பாடினார். வார்த்தை பிசகாமல், பல்லவி முடியும்வரை பாடினார்.

அப்பாவின் கை ஹாரன் மேலேயே நின்றுவிட்டது.

அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏனுங்க, எனக்குப் புடிச்ச பாட்டுன்னு ஞாபகம் வெச்சுருந்து போட்டீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன், அது இன்னும் பதிந்துகொண்டிருந்தது.

"பின்ன, வேற ஆருக்குப் போடறதாம்?" என்றார் அப்பா.

அம்மா வண்டியருகே போய், இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார். நான் பதிவை நிறுத்தினேன். இனி அந்த ஹாரனைக் கழற்றச் சொல்ல எனக்கு வாயில்லை.