மெதுவா மாஸ்டரின் அரை முட்டை

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் மெதுவா மாஸ்டர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று பொருத்திய இன்னொரு பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான் அவர் தொழில். கிளட்சை மெதுவாக விடு, வளைவில் மெதுவாகத் திரும்பு, சந்தேகம் வந்தால் நின்றே விடு. அவர் யாரையும் ஒருநாளும் திட்டியதில்லை என்பார்கள். இருக்கலாம். வீட்டில் அந்த வேலைக்கு நான் இருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட மனிதர் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் பிரேக் பிடிக்காத லாரி. ஒருவர் வகுப்பு முடிந்து இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் காரிலேயே மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிடுவார். வீட்டிலும் அதே வேகம். பரிமாறிவிட்டு உப்பு எடுக்க நான் உள்ளே போய்த் திரும்பினால் அவர் கை கழுவிக்கொண்டிருப்பார். எங்கள் கல்யாணம் முடிந்து, எங்கள் மகள் கல்யாணமும் முடிந்துவிட்டது. நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. நான் பக்கத்தில் நின்று பரிமாறுவேன். அவர் எழுந்ததும் அதே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். மனிதருக்குப் பசி பொறுக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

அள்ளிப் போட்டதெல்லாம் உடம்பில்தானே சேரும். சீட் பெல்ட் எட்டாமல் போனது, சர்க்கரை வந்தது, மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. எதற்கும் அசையாதவர், ஒருநாள் அவசரத்துக்குப் பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கியபோது தொப்பை இடித்ததும் பயந்துவிட்டார். மறுநாளே டாக்டரிடம் போய் நின்றார். எடை குறைய ஆபரேஷன் செய்து, இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு ஒரு வாழைப்பழம் அளவுக்கு விட்டுவைத்தார்கள்.

முதலில் தண்ணீர், பிறகு சூப், பிறகு மசித்த உணவு. எல்லாம் ஒழுங்காக இறங்கியது. எடையும் கிடுகிடுவென்று இறங்கியது. வில்லங்கம் கெட்டி உணவில்தான் வந்தது. முட்டை, மீன், கோழி என்று புரதம் உள்ளதைத் தின்று தேற வேண்டிய கட்டம் அது. முட்டையை வேகவைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் போனது. மூன்றாவது வாயில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, எச்சில் ஊற, கண் கலங்கி, குளியலறைக்கு ஓடினார். மீன் கொடுத்தேன், அதுவும் வெளியே வந்துவிட்டது. கோழியை நூல் நூலாகப் பிய்த்துக் கொடுத்தேன். அது மீனைவிட மோசம். கடைசியில் புரதப் பொடியைக் கரைத்துக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு படுத்துவிடுவார்.

ஆஸ்பத்திரியில் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அடைப்பு ஒன்றும் இல்லை. அங்கே சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண் இவரிடம் கார் கற்றவள். ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை தேறியவள். இவர்மேல் அவளுக்குப் பழைய பாக்கி இருந்திருக்க வேண்டும்.

“மாஸ்டர், ரோடு நல்லாத்தான் இருக்கு. ஓட்டுறவர்தான் சரியில்ல” என்றாள். “சின்ன ஸ்பூன். ஒரு வாய் எடுத்தா ஸ்பூனைக் கீழ வைக்கணும். கூழாகற வரைக்கும் மெல்லணும். சாப்பிடறப்ப தண்ணி கூடாது. போதும்னு தோணுச்சுன்னா அந்த வாயோட நிறுத்திடணும்.”

“செய்யறேம்மா” என்று தலையாட்டினார். எந்தத் தலையாட்டல் என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடியைப் பார்க்காமலேயே பார்த்தேன் என்று சொல்லும் மாணவர்கள் ஆட்டுகிற தலையாட்டல் அது.

வீட்டுக்கு வந்து சின்ன ஸ்பூன் வாங்கினோம். நான் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வாயையும் மேற்பார்வை பார்த்தேன். “மென்னீங்களா? இன்னும் மெல்லுங்க. ஸ்பூனைக் கீழ வைங்க.” அவர் என்னை நிமிர்ந்து பார்ப்பார், வேகவேகமாக மெல்லுவார், விழுங்குவார், ஓடுவார்.

மறுபடி வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தவர், ஒருநாள் வழக்கத்தைவிட முன்னதாக வீட்டுக்கு வந்து கார் சாவியை மேசைமேல் வைத்தார். கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண் காரைப் பின்னால் எடுக்கும்போது நின்றிருந்த வண்டியில் மோதப் பார்த்திருக்கிறாள். இவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து, பிரேக்கை மிதிக்கக் காலில் வலு இல்லாமல் போயிருக்கிறது. அந்தப் பெண் தானே பிரேக் போட்டுவிட்டாள்.

“இனி நான் அந்த சீட்டுல உக்கார மாட்டேன்” என்றார். “நம்மளை நம்பித்தானே ஸ்டியரிங்கைப் பிடிக்கறாங்க. உடம்புல தெம்பு வந்தாப் பாக்கலாம்.”

“வரும்” என்றேன்.

“எதைச் சாப்பிட்டு?” என்றார்.

அந்த இருக்கையை எடுத்துவிட்டால் இந்த மனிதரிடம் என்ன மிஞ்சும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். மறுநாள் மத்தியானம் முட்டையை அவர் முன்னால் வைத்தேன். “இது எங்க நிக்கப்போகுது” என்று அவர் முனகினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“நின்னா நிக்கட்டும், நிக்காட்டி போகட்டும். என் கால் கடுக்குது, எனக்குப் பசிக்குது” என்று என் தட்டையும் எடுத்து வந்து எதிர் நாற்காலியில் தொம்மென்று உட்கார்ந்தேன். அவரைப் பார்க்கவே கூடாது என்று ரொட்டியையும் அவித்த காய்கறியையும் கோபத்தோடு மென்றுகொண்டிருந்தேன். கோபத்தில் நான் பேசமாட்டேன் என்பதில்லை, பேசிக்கொண்டேதான் இருந்தேன். மகள் போனில் சொன்னது, மேல்வீட்டுக்காரர்கள் சொட்டச் சொட்டத் துணி காயப்போடுவது, கேஸ் சிலிண்டர் வராதது, எல்லாவற்றையும் திட்டி முடித்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு மேல்வீட்டுக்காரர்களுக்குப் பரிந்துகூடப் பேசினார்.

என் தட்டு காலியான பிறகுதான் அவர் தட்டைப் பார்த்தேன். அரை முட்டை போயிருந்தது. அவர் குளியலறைக்கு ஓடவில்லை. மீதியைத் தள்ளி வைத்துவிட்டு, “போதும்” என்றார். நான் மூச்சுக்கூட விடாமல் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

“இன்னிக்கு மட்டும் எப்படி நின்னுச்சு?” என்றேன்.

“நீ உக்காந்திருந்தியே.”

“நான் உக்காந்தா உங்களுக்கு முட்டை இறங்குமா? ஆஸ்பத்திரியில சொன்னா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். நான் எழுந்தாத்தானே நீ உக்காருவ. பசியோட ஒருத்தி பக்கத்துல நின்னுக்கிட்டு இருக்கறப்ப, நான் ஆற அமர மென்னுக்கிட்டு இருக்கறதா?”

“அதுக்காகவா இத்தனை வருஷமும் அள்ளிப் போட்டீங்க?”

“பின்ன?”

“கார்ல யாரு நின்னா?”

“அடுத்த வகுப்புக்கு வந்தவங்க நிப்பாங்களே, வெயில்ல” என்றார்.

நான் நின்றதே அவர் வேகத்துக்காகத்தான். உட்கார்ந்த மறுநிமிடம் மறுபடி பரிமாற எழுந்திருக்க வேண்டியிருக்கும், எதற்கு உட்கார வேண்டும் என்று நின்றேன். நான் நிற்கிறேனே என்று அவர் விழுங்கியிருக்கிறார். இருவரும் ஒருவருக்காக ஒருவர் பார்த்துப் பார்த்து அந்த மனிதரின் வயிற்றைக் கெடுத்து வைத்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் சத்தம் போட்டேன்.

“இதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?”

“நீ மூடினாத்தானே நான் திறக்க முடியும்” என்றார்.

அதற்கப்புறம் நான் நிற்பதில்லை. அரை முட்டை முழு முட்டை ஆனது. மீன் வந்தது, ஈரம் காயாமல் சமைத்த கோழியும் வந்தது. நடுவில் இரண்டொரு நாள் குளியலறைக்கு ஓடவும் செய்தார். ஆனால் கன்னத்தில் சதை கொஞ்சம் திரும்பியது, மாடிப்படியில் கம்பியைப் பிடிக்காமல் ஏறினார். ஒருநாள் காலையில் யாரும் சொல்லாமலேயே மேசைமேல் கிடந்த சாவியை எடுத்தார். அவரிடமே கார் கற்றவள்தான் நானும்; தெருமுனை வரை என்னை ஓட்டச் சொல்லி, எனக்குத் தெரியாமல் தன் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். கார் சட்டென்று நின்றது. என் தலை கண்ணாடியில் இடிக்காத குறை. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் திட்ட மனசு வரவில்லை.

இப்போது மத்தியானம் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுகிறார். அடுத்த மாணவருக்கு நேரம் தள்ளிக் கொடுத்திருக்கிறார், வெயிலில் யாரும் நிற்பதில்லை. நான் என் தட்டை முடித்துக் கை கழுவிவிட்டு வந்தால், அவர் இன்னும் ஒரு துண்டு மீனோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்கிறார். பாத்திரங்களை எடுக்கப் போனால் விடுவதில்லை.

“முடிச்சிட்டியா?”

“முடிச்சிட்டேன்.”

“அப்ப சும்மா உக்காரு, நான் முடிக்கற வரைக்கும்.”

உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் ஒரு அவசரமும் இல்லை.