எட்டுப் போலத் தெரிந்த எழுத்து

எட்வின் அண்ணன் போய்விட்டார் என்று அவருடைய மனைவி ஜெசிந்தா அக்கா தொலைபேசியில் சொன்னபோது நான் வேலைக்கு வந்து கந்தோருக்குள் காலடி வைத்திருந்தேன். "விடிய ஆறு மணிக்கு, சுகந்தி. கஷ்டப்படேல்ல. உங்கட கந்தோர் ஆக்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கோ" என்றார். ஓம் என்றேன். ஆனால் யாருக்கும் உடனே சொல்லவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அவரைப் பற்றி, அவரோடு வேலை செய்த உங்கள் எல்லோருக்கும் நான் சொல்லவேண்டிய வேறொன்று பத்தொன்பது வருடமாகப் பாக்கி இருந்தது.

திருகோணமலை உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த எங்கள் கல்வி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் அவரும் நானும் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் பதினொரு வருடம் வேலை செய்தோம். அவர் பட்டினத்திலேயே பிறந்து வளர்ந்தவர். வலையமைப்பு வேலையைப் புத்தகத்தில் பாதியும் கையில் பாதியுமாகப் பழகியவர். காலையில் சைக்கிளில் வரும்போது அவருடைய வாய் அசைந்துகொண்டே இருக்கும். செபம் சொல்கிறார் என்று பலர் நினைத்தார்கள். அவர் சொன்னது ரூட்டர் முகவரிகளை. ஏன் இப்படி மனப்பாடம் செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "தாளைக் கொண்டு திரியாதீங்கோ சுகந்தி. இந்த ஊரில தாளைப் பாத்தா ஆயிரம் கேள்வி வரும். தலையை ஒருத்தரும் திறந்து பாக்க ஏலாது" என்றார்.

நான் அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. அதனால் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

2006ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். மூதூர்ப் பக்கம் சண்டை. எங்கள் குடும்பம் கிளிவெட்டியை விட்டு வந்து பட்டினத்தில் ஓர் உறவினர் வீட்டில் இருந்தது. பொலிஸில் பதிந்து சில கிழமைகளே ஆகியிருந்தன. என் அடையாள அட்டையில் கிளிவெட்டி விலாசம். சண்டை நடக்கும் பக்கத்து விலாசம் என்பதால் அந்த அட்டையை நீட்டும் ஒவ்வொரு தடவையும் கேள்வி வரும்.

பாதைப் பயத்தில் கொழும்பு விரிவுரையாளர்கள் வருவதை நிறுத்தியிருந்தார்கள். கடைசி வருட மாணவர்களின் படிப்பு பாதியில் நின்றது. வீடியோவில் வகுப்பு நடத்தலாம் என்றார்கள். ஆனால் எங்கள் கணினிகள் எல்லாம் ஒரே பழைய முகவரிக்குப் பின்னால் நின்றன. வெளியிலிருந்து ஒரு கணினியை நேராக அழைக்க முடியாது. ஆறாம் பதிப்பு என்று சொல்லும் புதிய முகவரி முறையில் ஒவ்வொரு கணினிக்கும் சொந்த முகவரி கிடைக்கும். அதற்கு எங்கள் ரூட்டரும் கொழும்பு ரூட்டரும் ஒன்றின் முகவரியை மற்றது அறிந்து, ஏற்றுக்கொண்டு, பாதைகளைப் பரிமாற வேண்டும். இதைத்தான் பியரிங் என்போம். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் இரண்டும் பேசாது. கொழும்பில் இருந்த பொறியியலாளர் எங்களுக்காக ஒரு நாளை ஒதுக்கினார். அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் முடிக்காவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று அவருக்கே தெரியாது.

அவர் தன் ரூட்டரின் முகவரியைப் பக்ஸில், அதாவது தொலைநகலில், அனுப்பியிருந்தார். எட்டுத் தொகுதி, எண்களும் ஆங்கில எழுத்துகளும், இடையிடையே முக்காற்புள்ளிகள். பக்ஸ் மங்கலாக இருந்தது. அண்ணன் அதைப் பார்த்து வழக்கம்போல மனப்பாடம் செய்துகொண்டார். நான் அதை ஒரு வெள்ளைத் தாளில் பார்த்து எழுதி, மடித்து, கைப்பைக்குள் வைத்தேன்.

குறித்த நாள் காலை பத்து மணியளவில் அண்ணனும் நானும் இராணுவக் காவலரணுக்கு வந்தோம். அதைத் தாண்டினால்தான் எங்கள் கட்டடம். என் கைப்பையைச் சோதித்த பெண் சிப்பாய் அந்தத் தாளை எடுத்தாள். விரித்தாள். அவளுடைய முகம் மாறியது. உள்ளே கொண்டுபோனாள்.

எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. அவர் முன்னால் என் தாள், பக்கத்தில் என் அடையாள அட்டை. சிங்களத்தில் கேட்டார்: "இது என்ன சங்கேதம்? யாருடையது?"

என்னுடையது என்று சொல்ல வேண்டும் என்று தெரியும். வாய் திறக்கவில்லை.

"என்ர. நான்தான் எழுதினனான்" என்று எட்வின் அண்ணன் முதலில் தமிழிலேயே சொன்னார், நான் கேட்கவேண்டும் என்பதுபோல. பிறகு சிங்களத்துக்கு மாறினார். தன் பைக்குள் இடமில்லாததால் என்னிடம் தந்து வைத்ததாகவும், அது கணினி முகவரி என்றும் விளக்கினார்.

அதிகாரி ஒரு வெற்றுத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினார். என் தாளைக் கவிழ்த்து வைத்தார். "நீ எழுதியதென்றால் பார்க்காமல் எழுது."

அவர் எழுதினார். எட்டுத் தொகுதி. நடுவில் ஒருமுறைகூட நிற்கவில்லை. அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஆறாவது தொகுதியில் அவருடைய விரல் நின்றது. என் தாளில் 8 என்று இருந்த இடத்தில் அண்ணன் B என்று எழுதியிருந்தார்.

"பொய்" என்றார் அதிகாரி. அந்தச் சொல் எனக்கு நன்றாக விளங்கியது. வாசலில் நின்ற சிப்பாய் ஓரடி முன்னால் வந்தான்.

அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "சேர், கொழும்புக்கு நீங்களே போன் எடுங்கோ. அங்க இருக்கிறவர் தன்ர தாளைப் பாத்து வாசிக்கட்டும். நான் வாய் திறக்கமாட்டன்." நிறுவனத்தின் கடிதத்தில் இருந்த இலக்கத்தைக் காட்டினார்.

முதல் தடவை எடுத்தபோது மறுமுனை வேறு அழைப்பில் இருந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. சுவர் மணிக்கூட்டில் பத்தே முக்கால். அவர் மனதிலிருந்து எழுதியதில் ஓர் எழுத்துத் தவறியிருந்தாலும் போதும், இருவரையும் பிடித்து வைத்துவிடுவார்கள்.

மூன்றாம் தடவை மணி அடித்தது. கொழும்புக்காரர் ஒவ்வொன்றாக வாசிக்க, அதிகாரியின் விரல் அண்ணன் எழுதிய தாளில் நகர்ந்தது. ஆறாவது தொகுதிக்கு வந்ததும் "திரும்பச் சொல்" என்றார். கேட்டார். விரல் நகர்ந்தது. கடைசிவரை போனது.

தொலைபேசியை வைத்துவிட்டு இரண்டு தாளையும் மறுபடி ஒப்பிட்டார். பிறகு கேட்டார்: "இது சரி. அது பிழை. ஒரே ஆள் எப்படி இரண்டு விதமாக எழுதுவான்?"

"பக்ஸில அது எட்டுப் போலத் தெரிஞ்சுது சேர். கை பிழைச்சிட்டுது."

அதிகாரி என்னைப் பார்த்தார். என் அட்டையைப் பார்த்தார். மறுபடி அண்ணனைப் பார்த்தார். அந்தத் தாள் யாருடையது என்று அதிகாரிக்கு விளங்கிவிட்டது என்றே இன்றும் நினைக்கிறேன். அட்டையை என்னிடம் நீட்டினார். என் தாளைக் கிழித்துக் கூடைக்குள் போட்டார். "போங்கள்."

ரூட்டர் அறைக்கு வந்து சேர்ந்தபோது நேரம் பதினொன்றரை. அண்ணன் தட்டச்சுச் செய்தார். திரையில் "ஆக்டிவ்" என்று வந்தது. கேட்க நல்ல சொல்போல இருக்கும். ரூட்டரின் பாஷையில் அதற்கு அர்த்தம் இன்னும் தொடர்பு கிடைக்கவில்லை, முயன்றுகொண்டிருக்கிறேன் என்பது. துறைமுகத்துக்கு அப்பாலிருந்து ஷெல் சத்தம் கேட்டது. கண்ணாடிகள் அதிர்ந்தன. "யன்னலை விட்டுத் தள்ளி இருங்கோ" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கொழும்பிலும் அதே சொல்தான் என்று தொலைபேசியில் சொன்னார்கள். கடவுச்சொல்லை இரண்டு பக்கமும் மறுபடி போட்டோம். பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது "எஸ்டாப்ளிஷ்ட்", தொடர்பு ஏற்பட்டுவிட்டது, என்று மாறியது. கொழும்பின் பாதைகள் ஒவ்வொன்றாகத் திரையில் இறங்கின. அண்ணன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சற்று நேரம் இருந்தார். அடுத்த கிழமை மாணவர்கள் தங்கள் விரிவுரையாளரைத் திரையில் பார்த்தார்கள். அந்த வருடத்து மாணவர்கள் எல்லோரும் படித்து முடித்து வெளியேறினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்; தாள் தன்னுடையது என்றே அண்ணன் இங்கேயும் சொல்லிவிட்டார். எட்டையும் பி எழுத்தையும் மாற்றி எழுதி ஆமியிடம் மாட்டிய எட்வின் என்று அவரைப் பகிடி பண்ணினோம். பண்ணினோம் என்கிறேன், நானும் அங்கே சிரித்துக்கொண்டு இருந்தேன். அவருடைய பிரியாவிடையில்கூட ஒரு பெரிய எட்டு வரைந்த அட்டை கொடுத்தீர்கள். வாங்கி வைத்துக்கொண்டு சிரித்தார். அன்று தனியாகப் பிடித்து, உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "ஏன்? என்னை ஒரு எட்டுக்காகச் சிரிக்கினம். உங்களை அண்டைக்கு என்ன செய்திருப்பினம்? விடுங்கோ அந்தக் கதையை" என்றார்.

செத்த வீட்டிலும் ஒருவர் அந்தப் பகிடியை அன்போடு சொன்னார். நான் எழும்பி வெளியே வந்து, ஜெசிந்தா அக்காவின் பக்கத்தில் இருந்தேன். "அக்கா, அந்தத் தாள் என்ர எழுத்து" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்தார். "தெரியும். அண்டைக்குப் பின்னேரமே சொன்னவர். அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்தா ஒண்டும் கேளாதை எண்டும் சொன்னவர்."

பத்தொன்பது வருடம் அந்த வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்திருக்கிறேன். ஒரு பார்வையில்கூட அக்கா காட்டியதில்லை.

அவருடைய குறிப்புப் புத்தகங்களை நிறுவனம் வைத்திருக்கிறது. சைக்கிளை மகன் வைத்திருக்கிறான். என்னிடம் இருப்பது ஒரு வசனம்: "என்ர. நான்தான் எழுதினனான்." அதைச் சொல்ல அவருக்கு ஒரு கணம்கூட எடுக்கவில்லை. எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.