எடை மெஷினும் ஒரு சிவப்பு மையும்

குழந்தையை எடை மெஷினில் நிற்க வைத்து, முள் காட்டும் எண்ணைப் பார்த்து மருந்தின் அளவை எழுதுவதுதான் ஊர் வழக்கம்; எங்கள் தொழிலோ அந்த மெஷினை முழுதாக நம்பாத தொழில்.

ஆரணியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கிறேன். ஒரே எடையுள்ள இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே மாத்திரையைக் கொடுத்தால், ஒரு பிள்ளையின் உடம்பு அதை உடைத்து வெளியே தள்ளிவிடும், இன்னொரு பிள்ளையின் உடம்பில் அது தேங்கி விஷமாகும். சில மருந்துகளுக்கு, எந்தப் பிள்ளை எந்த வகை என்பதை ஜீன் டெஸ்டில் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். ரத்தம் எடுக்கச் சொல்லி, சென்னை லேபுக்கு அனுப்பி, ரிப்போர்ட் வந்ததும் ‘இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்’ என்று டாக்டருக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை. பிறகு டாக்டர் எழுதும் சீட்டுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் நான்தான். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. மருத்துவமனைக் கதவோரம் கையில் ஒரு காகிதத்தோடு நின்று, “ஒரு நிமிஷம் சார்” என்று சொல்லி, அந்த ஒரு நிமிஷம் கிடைக்காமல் திரும்பியவர்கள் நீங்கள் என்றால், நாம் ஒரே சாதி. உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

யார் பிள்ளை?

சேவூர் யாழினிக்கு ஆறு வயது. ரத்தப் புற்றுநோய். சென்னையில் ஊசி சிகிச்சையெல்லாம் முடிந்து, இனி வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம் என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். மாத்திரை தொடங்கும் முன் ஜீன் டெஸ்ட் பார்க்கவும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. யாழினியின் அம்மா கோமதியிடம் நான் அதை விளக்கிக்கொண்டிருந்தேன். கூட வந்திருந்த அவள் மாமனார் ‘ஜீன்’ என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்துவிட்டார்.

“இன்னாங்க இது? யாரு புள்ளைன்னு கண்டுபுடிக்கற டெஸ்ட்டுதானே? டிவியில பாத்துகினுதான் இருக்கோம். எங்க வூட்டுப் புள்ளைக்கு அது இன்னாத்துக்கு?” என்றார். வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இது மருந்துக்கான டெஸ்ட், அப்பா யார் என்பதெல்லாம் இதில் வராது என்று மூன்று முறை சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மருமகளைத்தான் பார்த்தார், அந்தப் பார்வையை இங்கே எழுத எனக்குக் கூசுகிறது. பிள்ளை சாகக் கிடந்து பிழைத்திருக்கிறாள், இவருக்கு இது ஒரு கேள்வி! நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி மகளின் கையைப் பிடித்து நர்ஸ் முன்னால் நீட்டினாள்.

“மாமாவுக்கு சந்தேகம்னா மாமாகிட்ட ரத்தம் எடுங்க. எம் பொண்ணுக்கு மருந்துக்கு எடுங்க, ஜல்தி.”

இரண்டு தர்ஷன்

அதே வாரம் எங்களிடம் இரண்டு தர்ஷன்கள். இருவருக்கும் எட்டு வயது, இருவருக்கும் இனிஷியல் எம். சேத்துப்பட்டு தர்ஷனுக்கு வலிப்பு. போளூர் தர்ஷனுக்கு யாழினிக்கு வந்த அதே வியாதி. இருவரிடமும் ஜீன் டெஸ்டுக்கு ரத்தம் எடுத்து, ஒரே பெட்டியில் வைத்து, லேபிளில் பெயரை மட்டும் எழுதியிருந்தார்கள். பதிவு எண் இல்லை. பார்சல் கட்டும்போது பார்த்தேன். இரண்டு குப்பிகள், இரண்டிலும் ‘தர்ஷன் எம்’. எது யாருடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இரண்டையும் குப்பையில் போட்டேன். மறுநாள் இரண்டு குடும்பங்களையும் திரும்ப வரவழைத்தோம். போளூர்ப் பையனுக்கு ஏற்கெனவே நரம்பு கிடைப்பது கஷ்டம். முதல் நாள் குத்திய இடமே நீலமாக இருந்தது. ஊசியைப் பார்த்ததும் அவன் அழவில்லை. “நேத்துதானே குடுத்தேன்?” என்று மட்டும் கேட்டான். நான் நேராகப் பதிவு மேசைக்குப் போய், அங்கே உட்கார்ந்திருந்தவரிடம் சத்தம் போட்டேன். அவர் கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

“ரெண்டு பேரும் தர்ஷன், ரெண்டு பேரும் இருபத்திரண்டு கிலோ. இன்னா மேடம் பெரிய வித்தியாசம் வந்துடப் போவுது?”

முப்பது வருஷப் பேனா

யாழினியின் ரிப்போர்ட் வந்தது. பயந்தபடியே இருந்தது. அந்த மாத்திரையை உடைக்கும் சக்தி அவள் உடம்பில் மிக மிகக் குறைவு. மற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அளவைக் கொடுத்தால் அவளுடைய வெள்ளணுக்களெல்லாம் அழிந்துவிடும். ‘வழக்கமான அளவு கூடாது, மிகச் சிறிய அளவில் தொடங்கவும்’ என்று ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினேன்.

எங்கள் பெரிய டாக்டர் மோசமானவர் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். மோசமானவர் என்றால் திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பார், மூன்று தாலுக்காவிலிருந்து அவரைத் தேடி வருகிறார்கள். கோமதி கொண்டுவந்த சீட்டில் எடைக்கு ஏற்ற முழு அளவு இருந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்கு ஓடினேன். ரிப்போர்ட்டைப் பற்றிச் சொன்னேன். அடுத்த குழந்தையின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபடியே பதில் சொன்னார்.

“முப்பது வருஷமா எடை பாத்துத்தாம்மா எழுதறேன். நான் பாத்த பசங்க இப்ப அவங்க பசங்கள தூக்கிகினு எங்கிட்டயே வராங்க.”

எழுத்தெழுத்தாக

சேத்துப்பட்டு தர்ஷனின் ரிப்போர்ட்டும் வந்தது. வலிப்புக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று அவனுக்கு ஆகவே ஆகாது, கொடுத்தால் தோல் கொப்பளித்து உரிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. டாக்டர் வேறு மாத்திரை எழுதினார். ஆகாத மாத்திரையின் பெயரை ஒரு சிவப்பு அட்டையில் பெரிய ஆங்கில எழுத்தில் எழுதி அவன் அப்பாவிடம் கொடுத்தேன். மண்டியில் நெல் மூட்டை தூக்குகிறவர். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சில வாரம் கழித்து அட்டையும் ஒரு மாத்திரைப் பட்டையுமாக என் ஜன்னலில் வந்து நின்றார். அவர் ஊர் மருந்துக் கடையில் டாக்டர் எழுதிய மாத்திரை தீர்ந்துவிட்டதாம். “இதுவும் வலிப்புக்குத்தான்” என்று கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார். கம்பெனிப் பெயர் வேறு. அதன் கீழே பொடி எழுத்தில் இருந்தது அட்டையில் இருந்த அதே பெயர். இவர் கடையிலேயே சந்தேகப்பட்டுக் கேட்டதற்கு, பேஜார் பண்ணாமல் போகச் சொல்லியிருக்கிறார் கடைக்காரர். பிள்ளைக்குக் கொடுக்காமல் பஸ் ஏறி வந்துவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க, ஒவ்வொரு எழுத்தா வச்சி ஒத்துப் பாத்தேன். கடக்காரரு படிச்சவரு, அதான் பாக்கல போல.”

விளக்கம் தேவை

மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரம் யாழினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வாய் முழுக்கப் புண், எச்சில் கூட விழுங்க முடியவில்லை, உடம்பு அனலாகக் கொதித்தது. ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பினோம். ஒரு வாரம் பிழைப்பாளா மாட்டாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த வாரத்தில் நிர்வாகத்திடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ரிப்போர்ட்டை ஏன் உரிய முறையில் தெரிவிக்கவில்லை, விளக்கம் தேவை. படித்த கையோடு ஃபைலை எடுத்துக்கொண்டு நிர்வாகி அறைக்குப் போய் மேசைமேல் போட்டேன். முதல் பக்கத்தின்மேல் பதிவு மேசைக்காரர்கள் ஒரு வருகைப் படிவத்தை வைத்து நான்கு மூலையிலும் ஸ்டேப்ளர் அடித்திருந்தார்கள். அதை அவர் கண்ணெதிரே கிழித்தேன். அடியில் என் சிவப்பு எழுத்து. டாக்டரிடம் நேரில் போய்ச் சொன்னதையும் சொன்னேன். நிர்வாகி ஃபைலைத் தன் பக்கம் திருப்பி அதைப் படித்தார்.

“தப்பு உங்க மேல இல்ல மேடம். இனிமே இன்னும் கொஞ்சம் பெருசா எழுதிடுங்க.”

கோமதி கேட்டது

யாழினி பிழைத்தாள். இளைத்துத் துரும்பாகத் திரும்பி வந்தாள். பெரிய டாக்டர் ரிப்போர்ட்டைத் தானே கேட்டு வாங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு மாத்திரையை மிகச் சிறிய அளவில் எழுதினார்.  

கோமதி சீட்டோடு என் ஜன்னலுக்கு வந்தாள். நடந்ததை நானே அவளிடம் சொல்லிவிட்டேன். சிவப்பு எழுத்து, மூடிய படிவம், டாக்டரின் பதில் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது, அன்று டாக்டர் அறையிலிருந்து திரும்பிய நான் என்ன செய்தேன் என்பதும் நினைவில் வந்தது. முழு அளவு மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டு, “காய்ச்சல் வந்தா உடனே வாங்க” என்று சொல்லி இதே ஜன்னல் வழியாக நீட்டினேன். அதையும் மறைக்காமல் சொன்னேன். டாக்டர்மேலும் பதிவு மேசைமேலும் இத்தனை நாள் வைத்திருந்த கோபமெல்லாம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. கோமதி கத்தியிருந்தால் தேவலை. தாழ்ந்த குரலில்தான் கேட்டாள்.

“எங்க மாமனாருக்கு மூணு வாட்டி எடுத்துச் சொன்னீங்களே, இந்த அளவு ஆகாதுன்னு எனக்கு ஏங்க ஒரு வாட்டி கூட சொல்லல?”

அன்றிலிருந்து ரிப்போர்ட்டும் சீட்டும் ஒத்துப்போகாவிட்டால் மாத்திரைப் பெட்டியைத் திறக்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டு டாக்டர் அறைக்குள் போய் நின்றுவிடுவதால், மருத்துவமனையில் எனக்குச் ‘சண்டைக்காரி’ என்று பெயர் வந்திருக்கிறது, இத்தனை வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான்.