சார் எழுத மறந்த நிபந்தனை

தொண்ணூறுகளின் நடுவில், பொறியியல் கடைசி வருடத்தில், நானும் என் தோழியும் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதினோம். எனக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம் பக்கம். அவள் ராஜபாளையத்தில் ரேடியோக் கடை வைத்திருந்த பாயின் மகள். சிப்புக்குள் இருக்கும் சர்க்யூட்டில் எந்த டிரான்சிஸ்டர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்று அப்போதெல்லாம் இன்ஜினியர்கள் நாள்கணக்கில் கையால் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். எங்கள் புரோகிராமுக்கு நிபந்தனைகளை மட்டும் கொடுத்தால் போதும், மீதியை அதுவே தேடிக்கொள்ளும்.

எங்கள் பேராசிரியர் இதை நம்பவில்லை. "நானே நிபந்தனை எழுதித் தாரேன். முடிஞ்சா போட்டுக் காட்டுங்க" என்றார். இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் கருவிக்கு ஒரு ஃபில்டர். மெதுவான சிக்னலை மட்டும் உள்ளே விட வேண்டும். ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தார்.

தோழி அதைப் படித்துவிட்டு என் காலை மிதித்தாள். வெளியே வந்ததும், "ஏட்டி, சிப்பு எம்புட்டுப் பெரிசா இருக்கலாம்னு அவிய எழுதவே இல்ல, பாத்தியா?" என்றாள்.

"போய்ச் சொல்லுவோமா?"

"எதுக்கு? அவியளே கேக்கட்டும்."

மத்தியானத்துக்குள் விடை வந்துவிட்டது. மெதுவான சிக்னலுக்குப் பெரிய கெப்பாசிட்டர் வேண்டும். தடுக்க ஆளில்லாததால் புரோகிராம் அதை இஷ்டத்துக்கு வளர்த்திருந்தது, கூடவே சிப்பும் வளர்ந்திருந்தது. சிப்பை அசல் அளவில் அட்டையில் வெட்டினோம். விரல் நகத்தளவு இருக்க வேண்டியது சாப்பாட்டுத் தட்டளவு வந்தது. சிரித்த சிரிப்பில் கத்தரிக்கோல் நேராகப் போகவில்லை.

அட்டையை அவர் மேசையில் வைத்தோம்.

"என்னது இது?"

"சிப்பு சார். நிபந்தனை எல்லாம் சரியா இருக்கு, பாத்துக்கிடுங்க."

ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கடைசி வரிக்கு வந்தபோது காது சிவந்திருந்தது. பேனாவை எடுத்துத் தாளின் அடியில் சிப்பின் அளவைக் கொட்டை எழுத்தில் எழுதினார். "இப்பப் போடுங்க பாப்போம்."

மூன்று நாள் ஓட்டியும் தீர்வு இல்லை என்றே வந்தது. வேறு வழியில்லாமல் அவரிடமே போய் நின்றோம். புரோகிராமை வரிவரியாக வாசித்தவர் சத்தமில்லாமல் சிரித்தார்.

"கரண்டு இதுக்குக் கீழ போகக் கூடாதுன்னு எழுதினது யாரு?"

நான்தான். முதல் வாரத்தில் எதற்கோ எழுதியதை மறந்தே போயிருந்தேன். கரண்டை வெகுவாகக் குறைத்தால் சின்னக் கெப்பாசிட்டரே போதும். அந்த வழியை நானே அடைத்து வைத்திருந்தேன். தோழி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அட்டையால் ஓர் அடி வாங்கியிருக்கலாம்.

வரியை அழித்து மறுபடி ஓட்டினோம். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் தீர்வு வந்தது. இதே ஃபில்டரை அவரும் கையால் போட்டு வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. இழுப்பறையிலிருந்து அதை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒங்களது கொஞ்சந்தான் சின்னது" என்றார்.

"ஆமா சார், கொஞ்சந்தான்" என்றாள் தோழி, முகத்தை ரொம்ப அடக்கமாக வைத்துக்கொண்டு.